கிரகணத்தன்று வாசித்த கடிதம்

புதுவயல்
6.10.2019

அன்புள்ள தம்பி வீரபாண்டியனுக்கு,

அக்கா நாகவல்லி எழுதுறேன். இங்க நான், ஒன் மச்சான், அம்மா மூணு பேரும் சொகமா இருக்கோம். ஒன் ஒடம்பு எப்படி இருக்கு? போன தடவை பார்த்தப்ப கன்னம் ஒட்டிக் கிடந்துச்சு. ஜெயில் சோறுன்னு மிச்சம் வைக்காமச் சாப்பிடு.

டிசம்பர் முடிய நான் மனுப் போட்டுப் பார்க்க வர முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டுல சமையல் வேலை கிடைச்சிருக்கு. வீட்டுக்காரவுக பேரு உமையாள் ஆச்சி. மெட்ராஸ்ல இருந்தவுக. அவுக வீட்டய்யா தவறினதுக்கப்புறம் ரெண்டு வருசம் கண்ணு மூடலையாம். பார்க்காத டாக்டர் இல்ல. கடைசியில மெக்சிகோ நாட்டுல யாரோ ஒரு பழங்குடி வைத்தியச்சி பொகை போட்டு, மேளம் தட்டி, பாட்டுப் பாடித்தான் தூங்க வச்சாகளாம். அந்த அம்மாவையே இப்ப இங்க கூட்டியாந்துட்டாக. நம்ம கோடாங்கி ஏகப்பனும் கூட. ரெண்டு பேரும் சேர்ந்து வைத்தியம் பண்ணுவாகளாம்.

ஆளுக பத்துப் பத்து நாளா வந்து தங்கிட்டுப் போவாக. கடைசிக் கூட்டம் டிசம்பர் 26 கிரகணத்துக்கு. அன்னைக்குக் காலையில சூரியன் நம்ம பக்கம் வளையமாத் தெரியுமாம். அந்த நேரத்துல பெரிய சடங்கு இருக்குன்னு ஆச்சி சொன்னாக. "மனசுல பாரம் உள்ளவுக எல்லாம் வருவாக, நீங்க வயிறு நெறைய வச்சுப் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்"னாக. நல்ல மனுசி.

சமையலுக்கு நாங்க ரெண்டு பேரு. வேலை பழகிருச்சு.

அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆகி நல்லாத் தெரியுது. ஒன் போட்டோவைப் பார்த்துட்டு "இவன் இம்புட்டுக் கறுப்பா?"ன்னு கேக்குது.

ஒடம்பைப் பாத்துக்க. பதில் போடு.

அன்பு அக்கா
நாகவல்லி


மதுரை சிறை
21.10.2019

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன் கடிதம் கிடைச்சது. அம்மா, மச்சான் எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு. எனக்கு ஒரு கொறையும் இல்ல. தோட்ட வேலையில போட்டிருக்காக. கத்தரி, வெண்டை, அகத்திக்கீரை. வெயில் படுறதால அம்மா சொன்ன கறுப்பு இன்னும் கூடத்தான் செய்யும்.

கிரகண வைத்தியம்னு படிச்சதும் பக்கத்துல இருந்தவுகளுக்குச் சொன்னேன். சிரிச்சாக. அதுல ஒருத்தரு மட்டும் "நெசமாவே பாரம் எறங்குமாமா?"ன்னு கேட்டாரு. தெரியலண்ணே, கேட்டுச் சொல்றேன்னேன்.

நான் எப்பவும் கேக்குறதைத்தான் இப்பவும் கேக்குறேன். முத்துவீரண்ணன் வீட்டைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுச்சா? என் கையால செத்த மனுசன் வீட்டைப் பத்தி நான் கேக்குறதே தப்புன்னு ஒனக்குத் தோணும். தோணினாலும் சொல்லு. அனுசுயா மதினி இன்னும் தேவகோட்டையில அவுக அம்மா வீட்டுலதான் இருக்காகளா? அவுக மக சுபாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சா? இப்ப அஞ்சு வயசு ஓடுமே.

ஒன்கூடச் சமைக்கிற இன்னொரு ஆளு யாரு? எரிச்சல் பிடிச்ச ஆளா இருந்தா ஒன் வாய்க்குச் சரியா வராதே!

ஒன் தம்பி
வீரபாண்டியன்


பள்ளத்தூர்
10.11.2019

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆசை. மழைக்கு அம்மாவுக்குக் கொஞ்சம் சளி பிடிச்சிருந்துச்சு, இப்பத் தேவலை.

இங்க முதல் ரெண்டு கூட்டம் வந்து போயிருச்சு. பெங்களூர், மெட்ராஸ், பிரான்சு. வாசல்லயே போனை வாங்கி ஒரு பெட்டியில போட்டுப் பூட்டிருவாக. முதல் நாள் கை எதையோ தேடிக்கிட்டே இருக்கும். மூணாம் நாள் அடுப்படிக்கு வந்து "நான் வெங்காயம் உரிக்கட்டுமா?"ன்னு நிப்பாக. நம்ம ஊரு சின்ன வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே ஒரு பிரான்சுக்காரரு அழுதாரு. வெங்காயத்துக்குன்னு நினைச்சேன். அது இல்லையாம். அவரு மகன் செத்து ஏழு மாசமாம்.

ஏகப்பன் பாடு தனிப்பாடு. "சனிக்கிழமை காலையில ஒம்பதரை மணிக்குக் குறி"ன்னு போர்டுல எழுதிப் போட்டுட்டாக. அவரு ஆச்சிகிட்டப் போயி, "ஆச்சி, வாக்கு வர்றப்பத்தான் வரும். ஒம்பதரைக்கு வான்னா வர்றதுக்கு அது என்ன காரைக்குடி பஸ்ஸா?"ன்னாரு. ஆச்சி சிரிச்சுட்டு போர்டை அழிச்சுட்டாக. மெக்சிகோ அம்மா ஒரு பிசினைக் கங்குல போட்டுப் பொகை போடுது. நம்ம சாம்பிராணி மாதிரியே இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொதுவா இல்ல. ஆனா சாயங்காலம் கெணத்தடியில ஒக்காந்து இவரு உடுக்கையை அது தட்டிப் பார்க்குது, அது மேளத்தை இவரு தட்டிப் பார்க்குறாரு.

நீ கேட்ட வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காகன்னுதான் கேள்வி. சுபா ஒண்ணாப்புப் படிக்குதாம்.

என்கூடச் சமைக்கிற பொம்பள தேவகோட்டைப் பக்கம். அதிகம் பேசாது. கைப்பக்குவம் உண்டு.

அடுப்புல பருப்பு பொங்குது. மத்தது பெறகு.

அன்பு அக்கா
நாகவல்லி


மதுரை சிறை
27.11.2019

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருப்பேன்னு நினைக்கிறேன்.

போன வாரம் அம்மாவும் மச்சானும் மனுவுக்கு வந்தாக. அம்மா பேச்சுவாக்குல சொல்லிருச்சு. தேவகோட்டைப் பக்கத்துப் பொம்பள யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஏங்க்கா என்கிட்ட மறைச்ச? கைதியோட அக்கா மொகத்துல தினமும் அவுக முழிக்கணுமா? நம்ம வீட்டாளுக மொகத்தைப் பார்க்காம இருக்குறதுக்குத்தானே புதுவயலை விட்டே போனாக. ஒனக்கு வேற வேலை கிடைக்கும். ஆச்சிகிட்டச் சொல்லி நின்னுரு. ஒனக்குச் சொல்ல முடியலைன்னா மச்சானை விட்டுச் சொல்லச் சொல்லு.

வேற ஒண்ணும் எழுதத் தோணல.

வீரபாண்டியன்


பள்ளத்தூர்
2.12.2019

அன்புத் தம்பிக்கு,

ஒடம்பு நல்லா இருக்கியா? கோவமா இருக்குறது தெரியுது. இருந்தாலும் முழுசாப் படி.

மறைச்சது தப்புத்தான். எப்படி எழுதுறதுன்னு தெரியாமத்தான் மறைச்சேன். எங்க ரெண்டு பேரையும் ஆச்சி தனித்தனியாத்தான் வேலைக்குச் சொல்லியிருந்தாக. முதல் நாள் அடுப்படிக்குள்ள போறேன், அனுசுயா அரிவாமனையில ஒக்காந்து பூசணிக்காய் அரிஞ்சுக்கிட்டு இருக்கா. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுட்டா. நான் திரும்பிச் செருப்பை மாட்டிட்டேன். அதுக்குள்ள ஆச்சி வந்து, "ஏன் நிக்கிறீக? உள்ள வாங்க"ன்னாக. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது.  அனுசுயா அரிவாமனையை ஒரு பக்கமா நகட்டிப் போட்டு ஒக்காந்தா. எனக்கு எடம் விட்டாளா, இல்ல என்னைவிட்டுத் தள்ளி ஒக்காந்தாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நான் உள்ள போயிட்டேன்.

ரெண்டு மாசமா எங்களுக்குள்ள பேச்சு இம்புட்டுத்தான்: "உப்புப் போட்டாச்சா?" "போடல." முன்னெல்லாம் அக்கா அக்கான்னு வாய் ஓயாமக் கூப்பிடுவா. இப்ப ஒண்ணும் சொல்லிக் கூப்பிடுறது இல்ல.

இப்பக் கேளு. போன வியாழக்கெழம ஏகப்பன் முன்கட்டு முத்தத்துல குறி சொன்னாரு. "வேலை செய்யுறவுகளும் வாங்க, ஒங்களுக்கு மட்டும் மனசு இல்லையா?"ன்னு ஆச்சி எங்களையும் ஒக்கார வச்சாக. அனுசுயா முறை வந்ததும் அவ மெதுவாத்தான் கேட்டா. ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. "எங்க வீட்டுக்காரரு கடைசியா என்ன சொன்னாரு? நான் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அவருக்கு நெனவு இல்ல. அது தெரியாம ரெண்டு வருசமா எனக்குச் சோறு எறங்கல"ன்னா.

ஏகப்பன் உடுக்கையைக் கீழ வச்சுட்டாரு.  என்னமாவது சொல்லித் தேத்திவிட்டுருவாருன்னுதான் நினைச்சேன். அவரு சொன்னாரு: "தாயி, இது செத்தவனைக் கூப்பிட்டுக் கேக்குற கேள்வி இல்ல. கூட இருந்தவன் உசுரோட இருக்கான்ல? அவனைக் கேளு. நான் எதையாவது சொன்னா அது பொய்யா இருக்கும்."

அன்னைக்குச் சாயங்காலம் பாத்திரம் வெளக்கும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டா: "ஒங்க தம்பிக்குக் கடிதம் போடுவீகளா?"

போடுறேன்னேன். போட்டுட்டேன். வேலையை விடச் சொல்லாத. நீ பதில் எழுது.

அன்பு அக்கா
நாகவல்லி


பள்ளத்தூர்
14.12.2019

தம்பி,

எல்லாரும் சொகம். பன்னெண்டு நாளாச்சு. தபால்காரரு சைக்கிள் மணி கேட்டா அனுசுயா கை நிக்குது. அப்புறம் ஒண்ணும் இல்லாத மாதிரி மறுபடி அரியிறா. நான் ஒன்னை வற்புறுத்தல. பார்த்ததைச் சொன்னேன்.

நாகவல்லி


மதுரை சிறை
19.12.2019

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொகம். நீ போட்ட ரெண்டு கடிதமும் கிடைச்சது. நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது அஞ்சாவது.

அன்னைக்கு நடந்தது ஒனக்குத் தெரியும். ஆனா கேள்விப்பட்டதுதான் தெரியும். மில்லுல கேரளா லோடு கொண்டு போறது யாரு முறைன்னு ஒரு ஒண்ணுக்கும் ஆகாத சண்டை. நான் குடிச்சிருந்தேன். ரெண்டு பேரும் லாரி மேல நின்னப்ப முத்துவீரண்ணன் நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டேன். கீழ விழுந்து சிமிண்டுத் திண்டுல பின்மண்டை அடிச்சுச்சு. வேற யாரும் அங்க இல்ல. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாக.

அவரு ஒடனே எந்திரிச்சுட்டாரு. அதுதான் ஒங்க யாருக்கும் தெரியாது. ரத்தம்கூட அவ்வளவா இல்ல. எனக்குப் போதை தெளிஞ்சு போச்சு. வாங்கண்ணே ஆஸ்பத்திரிக்குன்னு இழுத்துக்கிட்டுப் போயி, மில்லு குட்டியானை வண்டியில பக்கத்துல ஒக்கார வச்சு நானே காரைக்குடிக்கு ஓட்டினேன். இருபது நிமிஷம். பேசிக்கிட்டேதான் வந்தாரு. கோட்டையூர் தாண்டினதும் என் தோள்ல கையப் போட்டுச் சொன்னாரு: "டேய், நீ தள்ளினேன்னு எங்கயும் ஒளறி வைக்காத. வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிருவோம். அனுசுயாகிட்டயும் அப்படியே சொல்லு. இல்லைன்னா அவ ஒனக்குச் சோறு போடமாட்டா."

ஆஸ்பத்திரி போறதுக்குள்ள நெனவு போயிருச்சு.

எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டாரு. வழுக்கி விழுந்தாருன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா நான் இன்னைக்கு வெளிய இருப்பேன். ஆனா அது எனக்காக அவரு சொல்ல நினைச்ச பொய். அவரு பொழைச்சு வந்து அவரு வாயால சொல்லியிருந்தா சரி. அவரு நெனவில்லாமக் கிடக்குறப்ப நான் அதைச் சொன்னா, அவரு கருணையைத் திருடுன மாதிரி ஆயிரும். தள்ளினேன்னு சொன்னேன்.

கோர்ட்டுல இதைச் சொல்லல. சொன்னா, செத்தவரே மன்னிச்சுட்டாருன்னு சொல்லித் தப்பிக்கப் பாக்குறான்னு நினைப்பாக. மதினியும் அப்படித்தான் நினைப்பாகன்னு பயம். அதான் யாருக்கும் சொல்லல.

இந்தக் கடிதத்தை வாசிச்சுக் காட்டுறதும் அடுப்புல போடுறதும் ஒன் இஷ்டம்.

ஒன் தம்பி
வீரபாண்டியன்


பள்ளத்தூர்
29.12.2019

அன்புத் தம்பி,

நாங்க சொகம். ஒன் கடிதம் 23ஆம் தேதியே வந்துருச்சு. மூணு நாள் ஜாக்கெட்டுக்குள்ளயே வச்சிருந்தேன். முகாமுல நாப்பது பேருக்குச் சமையல், ரெண்டு பேரும் ஒக்கார நேரமில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நெசம் அது இல்ல, பயம்.

கிரகணத்தன்னைக்கு ஆறு மணிக்கே இட்லியை அவிச்சு எல்லாருக்கும் போட்டு முடிச்சோம். ஏழரைக்கு அடுப்பை அணைச்சாச்சு. ஊறுகாய் ஜாடி, தண்ணித் தொட்டி எல்லாத்துலயும் தர்ப்பையைப் போட்டு மூடினோம். எட்டுல இருந்து பதினொன்னே கால் வரைக்கும் ஒரு வேலையும் இல்ல. மூணு மாசத்துல எங்க ரெண்டு பேரு கையும் சும்மா இருந்தது அன்னைக்குத்தான்.

முன்கட்டு முத்தத்துல எல்லாரும் வட்டமா ஒக்காந்துட்டாக. மெக்சிகோ அம்மா பொகை போட்டுக்கிட்டே சுத்தி வந்துச்சு. ஏகப்பன் உடுக்கை மெல்ல ஆரம்பிச்சு ஏற ஏற, எங்க பின்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. வெளிச்சம் ஒரு மாதிரி ஆயிருச்சு. மேகம் இல்லாமலே மப்பு மாதிரி, வெயிலுக்குச் சூடு போன மாதிரி. காக்கா சத்தம் நின்னு போச்சு.

அப்பத்தான் கடிதத்தை எடுத்தேன். "தம்பி எழுதியிருக்கான்"னேன். "வாசிங்க"ன்னா.

வாசிச்சேன். "பேசிக்கிட்டேதான் வந்தாரு"ங்கிற எடத்துல நான் நிறுத்திட்டேன். அவ கையை நீட்டி வாங்கி மிச்சத்தை அவளே படிச்சா. ரெண்டாந் தடவையும் படிச்சா. அழுவான்னு பார்த்தேன். அழல. "சோறு போடமாட்டான்னு சொன்னாராக்கும். அவரு அப்படித்தான் சொல்லுவாரு"ன்னா. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு.

அப்புறம் கடிதத்தை மடிச்சுக்கிட்டே, "வழுக்கி விழுந்தாருன்னே சொல்லியிருக்கலாம்ல"ன்னா. கோவத்துல சொன்னாளா, எரக்கப்பட்டுச் சொன்னாளா, எனக்கு வெளங்கல. 

எந்திரிச்சுப் பின்வாசலைத் தொறந்து வேப்பமரத்தடிக்குப் போயிட்டா. கிரகணத்துல வெளிய போகாதன்னு வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். மரத்தடி பூரா குட்டிக் குட்டி வெளிச்ச வளையமா விழுந்து கிடந்துச்சு, தம்பி. எலைக்கு ஒண்ணா ஆயிரம் வளையம். அவ அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, அப்பத்தான் அழுதா. வாய்விட்டு அழுதா. முன்கட்டுலயும் பல பேரு அழுதுக்கிட்டுத்தான் இருந்தாக. அந்தச் சத்தத்துல இவ சத்தம் தனியாத் தெரியல. நான் போயி பக்கத்துல நின்னேன். தொடல. பயமா இருந்துச்சு.

கிரகணம் விட்டதும் எல்லாரும் கெணத்துத் தண்ணியில குளிச்சாக. பெங்களூருக்காரரு ஒருத்தரு பதினஞ்சு வருசத் தலைவலி போயிருச்சுன்னு ஏகப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "சந்தோசம்ப்பா, ஆனா கண்ணாடியை மாத்திப் பாரு"ன்னாரு ஏகப்பன். நாங்க ஈரத்தலையோட அடுப்பைப் பத்த வச்சோம். அனுசுயா, "அக்கா, பருப்பை எடுங்க"ன்னா.

ஒன் கடிதத்தை நான் திருப்பிக் கேக்கல. அவளே வச்சுக்கிட்டா. ஒன்னோட முகவரியும் வாங்கிக்கிட்டா. எதுக்குன்னு சொல்லல.

அன்பு அக்கா
நாகவல்லி


தேவகோட்டை
20.1.2020

வீரபாண்டியனுக்கு,

அனுசுயா எழுதுவது. இங்கு நானும் சுபாவும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பொங்கல் முடிந்ததும் எழுத நினைத்தேன். இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் நாலைந்து நாள் போய்விட்டது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. ஒரு நாள் வருமா என்றும் தெரியாது. அதை எதிர்பார்த்து இதைப் படிக்க வேண்டாம். உங்களைக் கெடுதலாக நினைத்துக்கொண்டே இருந்தால் அவர் நினைவைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கலாம் என்று இத்தனை நாள் இருந்தேன். அது இப்போது முன்போல முடியவில்லை. அதனால் உங்கள் மேல் எனக்கு வேறு ஒரு கோபம்.

நான் எழுதுவது ஒரு விஷயத்துக்காக. வண்டியில் இருபது நிமிஷம் பேசிக்கொண்டே வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட வரவில்லை. மீதியில் என்ன பேசினார்? முக்கியமில்லாதது என்று நீங்கள் விட்டிருப்பீர்கள். எனக்கு அதுதான் வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். சுபா கேட்டால் சொல்வதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மு. அனுசுயா


மதுரை சிறை
9.2.2020

மரியாதைக்குரிய அனுசுயா மதினிக்கு,

வீரபாண்டியன் வணக்கம். மதினின்னு கூப்பிடலாமான்னு தெரியல. வேற எப்படியும் கூப்பிட்டுப் பழக்கம் இல்ல. நீங்களும் சுபாவும் நல்லா இருக்கணும்.

பத்து நாளா ஒவ்வொண்ணா நினைச்சு எடுத்தேன். தெரிஞ்சவரைக்கும் எழுதுறேன். நான் எதையும் சேர்க்கல.

மில்லு கேட்டைத் தாண்டினதும், "மெதுவாப் போடா, நான் என்ன பிள்ளைத்தாச்சியா?"ன்னாரு. நான் அழுதுக்கிட்டே ஓட்டினேன். அதுக்கு ஒரு தடவை திட்டினாரு. ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. அந்த நேரத்துல ஒரு ஆள் நொங்கு வித்துக்கிட்டு இருந்தாரு. "திரும்பி வரும்போது வாங்கணும், சுபாவுக்குப் பிடிக்கும்"னாரு. சுபா லாரியை "லாளி"ன்னு சொல்லும்னு சொல்லிக் காமிச்சாரு. நீங்க அதைத் திருத்தப் போனீகளாம். "திருத்தாத, பெரிசானா தானாச் சரியாயிரும், அப்புறம் நாம கேட்டாலும் சொல்லாது"ன்னு ஒங்ககிட்டச் சொன்னதா சொன்னாரு.

ஒங்களுக்குப் பச்சைக் கலர்ல ஒரு சீலை தேவகோட்டைக் கடையில பார்த்து வச்சிருந்தாராம். ஒங்க மாமியாருக்குத் தெரியாம வாங்கணும்னாரு.

லோடு விஷயத்தை மறுபடி எடுத்து, "நெசமாவே என் முறைதாண்டா"ன்னாரு. ஆமாண்ணே ஒங்க முறைதான்னு சொன்னேன். அதுக்குச் சிரிச்சாரு. தலையை வலிக்குதான்னு கேட்டேன். லேசா கனமா இருக்குன்னாரு. அப்பத்தான் கைய என் தோள்ல போட்டாரு.

அதுக்கப்புறம்தான் வழுக்கி விழுந்ததா சொல்லச் சொன்னாரு. அதை அக்காவுக்கு எழுதிட்டேன். ஆனா மதினி, கடைசியாச் சொன்னது அது இல்ல. அதுக்கப்புறமும் ஒண்ணு சொன்னாரு. அதை எழுத அன்னைக்கு எனக்குத் தைரியம் வரல.

காரைக்குடிக்குள்ள நுழைஞ்சப்போ, "தூக்கமா வருதுடா, ஆஸ்பத்திரி வந்ததும் எழுப்பு"ன்னுட்டுத் தலையைச் சாய்ச்சாரு.

எழுப்பினேன் மதினி. எழுப்பிக்கிட்டேதான் இருந்தேன்.

வீரபாண்டியன்